மாறாத எண்ணும் ஆறு மணி பஸ்ஸும்

எங்கள் கம்ப்யூட்டர் அறையில் ஒரு சட்டம் இருந்தது. முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை யாரும் தொடக்கூடாது. சட்டம் போட்டவர் வரதோலி என்கிற ஊரில் பிறந்து வளர்ந்து, வேலைக்காக ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்கு வந்த மனுஷர். எனக்கு மேலதிகாரி. மேலதிகாரி என்றதும் பெரிய ஆபீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அறையில் அவரும் நானும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் ஒரு ஃபேக்ஸ் மிஷினும், அவ்வளவுதான் கூட்டம். கீழே, லாமி ரோட்டைப் பார்த்த பெரிய ஷெட்டில், பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து ஆஸ்திரேலியாக்காரர்களுக்குச் சட்டை தைத்தார்கள். அதில் ஒருத்தி என் தங்கச்சி. காலர் தைப்பாள்.

எங்கள் வீடு பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி, ஆற்றங்கரையில் இருக்கிற நவுவாவில். அம்மா போன பிறகு அப்பா, நான், அவள், மூன்றே பேர். அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் நான்தான். அதனால் அவள் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். அவள் தும்மினால் எனக்கு ஜுரம் வரும். இதைச் சொல்லி அவளே என்னைக் கேலி செய்வாள்.

என் மேலதிகாரி ஷிப்டுக்கும் பஸ்ஸுக்கும் கணக்குப் போட எழுதிய புரோகிராமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிளாஸ், அதாவது தனித்தனிப் பெட்டி மாதிரி, பிரித்துப் பிரித்து எழுதுகிற மொழி அது. ஷிப்டுக்கு ஒரு கிளாஸ், ஓவர்டைமுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று. மாறாத எண்களை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு கிளாஸில் பூட்டி வைத்திருந்தார். கான்ஸ்டன்ட் என்று அதற்குப் பெயர். முன்னால் ஃபைனல் என்று ஒரு சொல்லைப் போட்டு, பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு தடவை மதிப்பைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. வேறு எந்தக் கிளாஸாவது அதன்மேல் கை வைத்தால், நாம் எழுதியதை மிஷின் பாஷைக்கு மாற்றித் தருகிற கம்பைலர் இருக்கிறதே, அது முடியாது என்று சிவப்பாகக் கத்திவிடும்.

"வெறும் எண்ணை நாலு இடத்தில எழுதி வைக்காதே. அதுக்கு ஒரு பேர் வை. ஒரே இடத்தில வை. மாத்தணும்னா அந்த ஒரே இடத்தில மாத்து." தினமும் காலையில் சாமிக்கு விளக்கேற்றுகிற மாதிரி இதைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

"மாறாததை எதுக்குங்க மாத்தணும்?" என்று ஒரு நாள் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஃபிஜியில இருந்துகிட்டு இதைக் கேக்குறியே!" என்றார். அவர் எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைப் பார்த்தவர். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, எனக்கு லீவு விட்டதுதான் ஞாபகம்.

பிறகு இரண்டாயிரத்தில் எனக்கும் அதைப் பார்க்கிற முறை வந்தது. பிரதமர் நம் இந்திய வம்சம் என்று பொறுக்காத ஒரு ஃபிஜியன் கூட்டம் பார்லிமெண்டுக்குள் புகுந்து அவரைத் துப்பாக்கி முனையில் உட்கார வைத்துவிட்டது. சுவாவில் நம்மவர்கள் கடைகளை உடைத்தார்கள், எரித்தார்கள். ஆட்சியைக் கவிழ்க்கிற அந்த வேலையை நாங்கள் எல்லோரும் இங்கிலீஷில் 'கூ' என்றுதான் சொல்வோம், ஏதோ குயில் கூவின மாதிரி. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே வாசல் கதவைச் சாத்துவோம். உள்ளே தள்ளியிருக்கிற பண்ணைகளில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள், வீட்டுக்குள் புகுந்து அடித்தார்கள் என்று தினமும் ஒரு பேச்சு வரும். எது நிஜம், எது புளுகு என்று தெரியாது. தெரியாததுதான் இன்னும் பயம். தையல் ஷெட்டில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும்; பாட்டு பாதியில் நின்றால் எல்லா மிஷினும் நின்றுவிடும்.

ஊரடங்கு போட்டார்கள். முதலில் ராத்திரி எட்டு மணிக்கு. எங்கள் வரதோலிக்காரர் உடனே தன் கான்ஸ்டன்ட் கிளாஸில் ஒரு வரி சேர்த்தார்: ஊரடங்கு நேரம், இருபது. இருபது மணி என்றால் இரவு எட்டு. பஸ் கிளாஸ் அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்து, ஆறு மணிக்கு பஸ் என்று தாள் அடிக்கும். அந்தத் தாளைத்தான் நான் மத்தியானம் பஸ் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்புவேன். அந்தத் தாள் இல்லாமல் டிப்போவில் டீசல் கிடையாது. வழியில் ராணுவக்காரன் நிறுத்தினாலும் டிரைவர் அதைத்தான் காட்டவேண்டும். அச்சடித்த தாள், கம்பெனி முத்திரை, இரண்டும் வேண்டும். கையால் எழுதினது செல்லாது.

ஆபீஸில் பாதிப் பேர் பேசுவது ஒன்றே ஒன்றுதான். யாருக்கு விசா வந்தது, யாருக்கு வரவில்லை. என் தங்கச்சிக்கும் ஆக்லாந்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல பையன், கெட்ட பழக்கம் கிடையாது, மெக்கானிக் வேலை. அப்பாவுக்கு ரொம்ப இஷ்டம். இவள் ஒரே பிடியாக மாட்டேன் என்றாள்.

"அங்க போய் நான் யாரு, அக்கா? இங்க நவுவாவில என் பேரு தெரியாதவங்க யாரு இருக்காங்க, சொல்லு பார்க்கலாம்" என்பாள்.

வாயாடி, ஆனால் சொன்னது நிஜம். மார்க்கெட்டில் கசாவாக் கிழங்கு விற்கிற அம்மா முதல் போட்காரர் வரைக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆற்றுக்கு அக்கரை ஃபிஜியன் கிராமத்துப் பையன்கள், அவளோடு படித்தவர்கள், தண்ணீரைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்திக் கூப்பிடுவார்கள். இவளும் ஃபிஜியன் பாஷையிலேயே பதிலுக்குக் கத்துவாள். அவள் மாட்டேன் என்றபோது நான் அப்பாவுக்கு முன்னால் அவளைத் திட்டினேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சாமிக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு வரதோலிக்காரருக்குக் கடைசி நாள். சிட்னிக்கு விசா வந்துவிட்டது. மறுநாள் தீவின் அந்தக் கோடியில் இருக்கிற நாந்தியில் விமானம். ஊரடங்குக்கு முன்னால் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்று பெண்டாட்டி, பிள்ளை, பெட்டிகள் எல்லாம் கீழே காரில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இவர் மேலே மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். போகிறவன் எவனாவது மேஜையைத் துடைப்பானா? இவர் துடைத்தார்.

அப்போதுதான் ரேடியோவில் பாட்டு நின்றது. இன்று முதல் ஊரடங்கு ஆறு மணிக்கு என்றான் ரேடியோக்காரன்.

கீழே எல்லா மிஷினும் நின்றன. மேனேஜர் மாடிப்படியிலிருந்தே கத்தினார், நாலு மணிக்கு எல்லாரையும் அனுப்பணும், பஸ் தாளை மாற்றுங்கள் என்று. நான் நாற்காலியை இழுப்பதற்குள் வரதோலிக்காரர் உட்கார்ந்துவிட்டார். "இதுக்குத்தான் சொன்னேன், ஒரே இடம்" என்றார். இருபதைப் பதினெட்டு ஆக்கினார். அந்த ஒரு ஃபைலை மட்டும் கம்பைல் செய்தார். அதுதான் எங்கள் வழக்கம். எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பைல் செய்தால் அந்தக் கிழட்டு மிஷின் அரை மணி நேரம் முனகும். பிரிண்டர் தாளைத் துப்பியது. அவர் எடுத்துப் பார்த்தார். "ஆறு" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். ஆறுதான். ஃபேக்ஸில் போட்டேன். அவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, "ஜாக்கிரதைம்மா" என்று சொல்லி ஓடினார்.

நாலு மணிக்குப் பெண்கள் எல்லாம் கேட்டில் நின்றார்கள். பஸ் வரவில்லை.

எல்லோரும் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி, ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்களாம் என்றாள். இன்னொருத்தி, டிரைவரை இறக்கி அடித்தார்களாம் என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஆளே இல்லை. சுவா பக்கத்துப் பெண்கள் டாக்ஸியிலும் மேனேஜர் வேனிலும் திணித்துக்கொண்டு போனார்கள். நவுவா பக்கம் எந்த டாக்ஸிக்காரனும் வர மாட்டேன் என்றான். எங்கள் கூட்டம் மட்டும் நின்றது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். ராத்திரி அந்த ரோட்டில் இவளை எப்படிக் கூட்டிக்கொண்டு போவேன்? முந்தின வாரம்தான் ஊரடங்குக்குப் பிறகு மாட்டிய ஒரு பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி இருட்டில் நடக்கவிட்டார்கள் என்று பேச்சு. ஒரு பெண் வீடு போய்ச் சேரவேயில்லை என்றும் பேச்சு.

மேலே ஓடிப்போய் டிப்போவுக்கு போன் போட்டேன்.

"தாள்ல ஆறு மணின்னுதானே இருக்கு" என்றான் அங்கே இருந்தவன், இந்தியில், ஆற அமர.

"அட அறிவு கெட்ட மனுஷா! ஆறு மணிக்கு ஊரடங்கு. ஆறு மணிக்கா பஸ் எடுப்பே?"

"நீங்க அனுப்பின தாள்தான் பஹினி. கம்ப்யூட்டர்ல வந்தது."

தாளை எடுத்துப் பார்த்தேன். மேலே ஊரடங்கு, ஆறு மணி. கீழே பஸ், ஆறு மணி. எனக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. வரதோலிக்காரர் பார்த்தது மேல் ஆறு. நான் பார்த்ததும் மேல் ஆறு. கீழ் ஆறு பழைய ஆறு.

"புதுத் தாள் அனுப்புங்க, வண்டி எடுக்கிறேன். டிரைவர் ஒருத்தர் இருக்கார். தாள் இல்லாம டீசல் போட முடியாது, ரோட்டிலயும் விடமாட்டான்" என்றான் அவன்.

புரோகிராமைத் திறந்தேன். பதினெட்டு என்று பளிச்சென்று இருக்கிறது. பஸ் கிளாஸ் அதே பெயரைத்தான் எழுதியிருக்கிறது, அதிலிருந்துதான் இரண்டைக் கழிக்கிறது. பதினாறு வரவேண்டும். மறுபடி ஓட்டினேன். மறுபடியும் மேலே ஆறு, கீழே ஆறு. சரியாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் பொய் சொல்கிறாய் சனியனே என்று மிஷினைப் பார்த்துக் கத்தினேன். கேட்பதற்கு அந்த மனுஷரும் இல்லை, நாந்தி போகிற வழியில் சிங்கடோக்காவைத் தாண்டாவிட்டாலும் பாதித் தூரம் போயிருப்பார்.

ஃபைல்களின் தேதியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கான்ஸ்டன்ட் கிளாஸ் இன்று கம்பைல் ஆனது. பஸ் கிளாஸ் போன வாரம் கம்பைல் ஆனது. எப்போதோ புத்தகத்தில் படித்து, நமக்கெதற்கு என்று தள்ளிவிட்ட விஷயம் அது. ஃபைனல் என்று எழுதி ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால், இதுதான் இனி மாறாதே என்று கம்பைலர் நம்பிவிடுகிறது. ஆகவே பஸ் கிளாஸுக்குள், அங்கே போய்க் கேட்டுக்கொள் என்று எழுதுவதில்லை. இருபது என்ற எண்ணையே உள்ளே போட்டு மூடிவிடுகிறது. பிறகு நீ மூலத்தை எவ்வளவு மாற்றினாலும், திரும்பக் கம்பைல் செய்கிற வரைக்கும் அதற்குத் தெரியாது. உப்பு ஜாடியை மாற்றினால், கொதித்து இறக்கின குழம்பில் உப்பு மாறுமா? மேல் வரியை அச்சடிக்கிறது கான்ஸ்டன்ட் கிளாஸே, அது புது எண்ணைச் சொன்னது. பஸ் கிளாஸ் பாவம், வயிற்றில் பழைய இருபதை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

பழைய கம்பைல் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டு மொத்தமாகக் கம்பைல் போட்டேன். மிஷின் முனக ஆரம்பித்தது. கீழேயிருந்து தங்கச்சி, "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கும்பிட்டேன். தாள் வந்தது. மேலே ஆறு, கீழே நாலு. முத்திரை குத்தி ஃபேக்ஸில் போட்டேன். அப்போதே ஐந்தாகப் போகிறது.

பஸ் வந்தபோது டிரைவர் இறங்கக்கூட இல்லை. "ஏறுங்க, ஏறுங்க, ஜல்தி" என்றார். பெண்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். தார்ப்பாய் ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டோம், எவனாவது கல்லெறிந்தால் என்ன செய்வது என்று. உள்ளே இருட்டு. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது, என் கை அதைவிட. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் மரம் கிடக்குமோ, ஆள் நிற்பானோ என்று உயிர் போய்ப் போய் வந்தது. ஒரு பெண் வாய்க்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு அதுவும் வரவில்லை. இவளை வீட்டில் சேர்த்துவிடு, வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

ஆறு மணி தாண்டியிருந்தது, நவுவாவுக்குக் கொஞ்சம் முன்னால் மேட்டில் நிறுத்தினார்கள். ரோட்டுக்குக் குறுக்கே டிரம்கள். ஓரத்தில் ட்ரக், அதில் ஒரு பெரிய ஆபீசர் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியோடு ஒரு சின்ன வயது ராணுவக்காரன் வந்து டிரைவரிடம் தாளை வாங்கினான். டார்ச் அடித்துப் படித்தான்.

"இதில் நாலு மணிக்கு பஸ் என்று இருக்கிறது. இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பஸ் ஆறு மணி என்ற பழைய தப்புத் தாளைக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை சும்மா விட்டிருப்பான். சரியான தாள்தான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னான். அவளை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு நான் எழுந்தேன். அதற்குள் என் கையை உதறிவிட்டுத் தங்கச்சி இறங்கிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், முதல் ஆளாக நிற்பாள்.

படியில் நின்று பார்த்தேன். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். இந்த நேரத்தில் என்னடி சிரிப்பு என்று நினைத்தேன். ஃபிஜியனில் என்னவோ சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ட்ரக்கைத் திரும்பிப் பார்த்தான். அவளை ஓரமாக, டிரம்முக்கு அந்தப் பக்கம் வரச் சொன்னான். போனாள். நான் படியிலிருந்து இறங்கினேன். அவன் ஏதோ கேட்டான். அவள் பதில் சொல்லாமல் நின்றாள். திரும்பவும் கேட்டான். அப்புறம் சொன்னாள். அவ்வளவுதான். அவன் ட்ரக்கிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, தாளை டிரைவரிடம் நீட்டி, "போங்கள், வேகமாக" என்றான். டிரம்மை நகர்த்தினார்கள்.

பாலத்தில் அப்பா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முன்னால் நடந்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்து சேர்ந்துட்டோம்டி, வந்து சேர்ந்துட்டோம் என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. காலைக் கழுவிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த ஆக்லாந்துக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடு" என்றாள்.

"என்னடி இது? பயந்துட்டியா? ஒண்ணும் ஆகலையே. விட்டுட்டான்ல."

"விட்டுட்டான்."

"என்னடி செஞ்சான்? சொல்லு. கையைக் கிய்யைப் பிடிச்சானா?"

"சீ, இல்லக்கா. நல்ல பையன் அவன்." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "உனக்கு அடையாளம் தெரியலையா? அக்கரைப் பையன். கிளாஸ்ல எனக்குப் பின்னாடி உக்காருவான். தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வந்து, நீ செஞ்ச லட்டைப் பையில போட்டுக்கிட்டு ஓடினானே, அவன்தான். அதான் சிரிச்சேன். என் பேரு என்னன்னு கேட்டான்க்கா."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ட்ரக்குல பெரிய ஆபீசர் இருந்தாரில்ல, அதுக்காகக் கேட்டிருப்பான். தெரிஞ்சவன்னு காட்டிக்கிட்டா அவனுக்கு வம்பு. நம்ம நல்லதுக்குத்தான் கேட்டிருப்பான்டி."

"இருக்கும்க்கா. அதுக்குத்தான் கேட்டிருப்பான்" என்றாள். "நானும் சொன்னேன். புதுசா ஒரு ஆளுக்குச் சொல்ற மாதிரி, எழுத்துக் கூட்டிச் சொன்னேன்."